கழுத்துவரை பெட்ரோல்

2023 ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். என் மனைவி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பூஜை அலமாரி முன்னால் அப்படியே நின்றாள். குச்சியை உரசவில்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. ஏதாவது வாசனை வருதா பாருங்க."

வந்தது. பெட்ரோல் வாசனை.

எங்கள் வீடு செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் உள்ள பழைய வீடு. முன்னால் போர்ட்டிகோ, அதில் கார். போர்ட்டிகோவைப் பார்த்த ஜன்னலுக்கு உட்புறம் பூஜை அலமாரி. காருக்கும் விளக்குக்கும் நடுவே எட்டடி இருந்தால் அதிகம். பதினைந்து வருடமாக அப்படித்தான் இருந்தது. அந்த எட்டடி அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போகும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடுகிற திரவம் அது. செங்கல்பட்டுக் கத்திரி வெயிலில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து விளக்கு பின்கட்டுத் துளசி மாடத்துக்குப் போய்விட்டது. மனைவி என்னை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கார் 2008இல் நான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. சின்ன பெட்ரோல் கார். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. குற்றம் கம்பெனியுடையது அல்ல என்பது போகப் போகத் தெரியும்.

வாசனை வருவதற்கு முன்பே இன்னொரு தொல்லை ஆரம்பித்திருந்தது. சில சமயம் ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றும், என்ஜின் பிடிக்காது. ஐந்தாறு தடவை முயன்றால் இருமிக்கொண்டு, கருப்பாக ஒரு புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பும். மற்ற நாட்களில் ஒன்றுமே நடக்காததுபோல ஒரே திருப்பலில் ஓடும்.

அந்தக் கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. மனைவியின் அக்கா சதுரங்கப்பட்டினத்தில் தனியாக இருக்கிறார். எண்பது வயது, முழங்கால் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தோறும் நாங்கள் இருவரும் திருக்கழுக்குன்றம் வழியாக அங்கே போவோம். ஒரு வாரத்துக்கான மருந்து, வற்றல், பொடி, இரண்டு வேளைக் குழம்பு எல்லாம் கூடையில் போகும். திரும்பும்போது மனம் இருந்தால் மாமல்லபுரம் சுற்றிக்கொண்டு, பூஞ்சேரி கூட்ரோடில் ஒரு டீ குடித்துவிட்டு வருவோம்.

ஏப்ரல் நடுவில் ஒரு நாள் காலை அக்காவிடமிருந்து போன். குளிர் ஜுரம், எழுந்திருக்க முடியவில்லை என்றார். உடனே கிளம்பினோம். திருக்கழுக்குன்றத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். பங்க் பையன்கள் இருவர் தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள். இருபது நிமிடம் போனது. அதற்குள் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ வைத்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். "தம்பி, உங்க வண்டி வர்றதுக்குள்ள எனக்குக் காய்ச்சலே விட்டுப்போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அப்பா, அக்டோபரோட பதினஞ்சு வருஷம் முடியுது. ஆர்.சி. புதுப்பிக்கவே அஞ்சாயிரம் கட்டணும். எதுக்கு இந்தத் தொல்லை? ஸ்கிராப்புக்குக் குடுத்துட்டு கால் டாக்ஸியில போங்க." ஐயாயிரம் என்பது உண்மை. பதினைந்து வயது தாண்டிய கார்களுக்கு 2022 ஏப்ரலில் வந்த கட்டணம் அப்போது அதுதான். ஆனால் சதுரங்கப்பட்டினத்திலிருந்து சாயங்காலம் திரும்பி வர டாக்ஸி கிடைக்குமா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

முதலில் பைபாஸ் பக்கம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார்கள். "ஃபால்ட் எதுவும் காட்டல சார்" என்றார்கள். அப்புறம் பிளக் மாற்றினார்கள். அடுத்த வாரம் மறுபடி கொண்டுபோனதும் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். இரண்டு பில்லும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். வண்டி அதே பழைய வண்டி. வாசனை மட்டும் வாரத்துக்கு வாரம் கூடியது.

புகைச் சான்றிதழ் எடுக்கவும் போனேன். நன்றாகவே தேறியது. அந்தச் சோதனை வால் குழாயில் வரும் புகையைத்தான் அளக்கிறது. நிற்கிற வண்டியின் டேங்கிலிருந்து கசிகிற ஆவியை அது கேட்பதே இல்லை.

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954இல் ஊர் கைமாறியபோது எனக்கு ஆறு வயது. பள்ளி மட்டும் பிரெஞ்சிலேயே தொடர்ந்தது. தமிழை ஒழுங்காக எழுதக் கற்றது வேலைக்கு வந்த பிறகுதான். இன்றும் ற, ர சந்தேகம் வந்தால் மனைவியைத்தான் கேட்கிறேன். அரசு அலுவலகத்தில் என்னைக் குமாஸ்தாவாக எடுத்ததற்கே காரணம், பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதுதான்.

அந்தப் பதிவேடுகளில் 'ப்ரொசே வெர்பால்' என்று ஒன்று வரும். நம் ஊர் மகஜர் போல. வேலி தகராறோ, கிணற்றில் விழுந்த மாடோ, நடந்ததை நடந்தபடி எழுதிய அறிக்கை. நாள், மணி, இடம், யார் யார் இருந்தார்கள், கண்ணால் கண்டது என்ன என்று இருக்கும். அபிப்பிராயம் இருக்காது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த தலைமை எழுத்தர் ஒரு முசியே, கண்டிப்பானவர். "நீ நினைச்சதை எழுதாதே. பார்த்ததை எழுது. நீ அங்க என்ன செஞ்சேன்னும் எழுது" என்பார். அவர் சொன்னதில் கடைசி வாக்கியத்தை நான் மறந்துபோனேன். அது பின்னால் வருகிறது.

ஒன்பதாயிரம் போன கடுப்பில் ஒரு நோட்டு எடுத்துக் காருக்கு ப்ரொசே வெர்பால் எழுத ஆரம்பித்தேன். மாதிரிக்கு இரண்டு பதிவு:

மே 5, வெள்ளி. காலை 9.40. திருக்கழுக்குன்றம் பங்க். 22 லிட்டர். நிறுத்தியது 4 நிமிடம். ஸ்டார்ட் ஆகவில்லை. ஆறாவது முயற்சியில் கருப்புப் புகையுடன் பிடித்தது. வெயில் கடுமை.

மே 7, ஞாயிறு. காலை 7. வீடு. பெட்ரோல் போடவில்லை. முதல் திருப்பலிலேயே ஓடியது. நிற்கும்போது என்ஜின் லேசாக நடுங்குகிறது. மதியம் 3 மணிக்கு வாசனை அதிகம், பின்சக்கரப் பக்கம்.

மூன்று வாரத்தில் இருபது பதிவுக்கு மேல் சேர்ந்தது. ஒரு நாள் மதியம் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்டார்ட் ஆகாத நாட்களை மட்டும் சிவப்பு மையில் சுழித்தேன். ஏழு சுழிப்பு. ஏழிலும் அதே வரி: பெட்ரோல் போட்ட உடனே. குளிரோ சூடோ, தூரமோ பக்கமோ, எதிலும் ஒழுங்கு இல்லை. இதில் மட்டும் ஒழுங்கு இருந்தது. பெட்ரோல் குறைந்தால் வண்டி நிற்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெட்ரோல் போட்டால் நிற்பது என்ன கணக்கு?

நோட்டைப் பைபாஸ் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பையன் மரியாதையாக வாங்கி, படிக்காமலே திருப்பிக் கொடுத்தான்.

சதுரங்கப்பட்டினம் அக்காதான் வழி சொன்னார். புதுப்பட்டினத்தில் வேப்ப மரத்தடியில் ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். அறுபது வயது தாண்டியவர். அம்பாசடர் கார்புரேட்டர் கழற்றி ஆரம்பித்தவர். நோட்டை வாங்கினார், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார், பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். அந்த நோட்டை என்னைத் தவிர முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான். முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நீங்க ஃபுல் டேங்க் பார்ட்டியா?"

ஆமாம் என்றேன்.

"நாஸில் டக்குனு நின்னதும் விட்டுருவீங்களா, ரவுண்டு பண்ணுவீங்களா?"

என் முகம் எப்படி மாறியதோ தெரியாது. ரவுண்டு பண்ணுவேன். எப்போதும். 1,852 ரூபாயில் நின்றால் 1,900 ஆக்கச் சொல்வேன். பையன் நாஸிலை இன்னும் இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு அழுத்துவான். வாய்க்குப் பக்கத்தில் பெட்ரோல் தளும்புவது தெரியும்வரை போடச் சொல்வேன். சில்லறைப் பிரச்சினை ஒரு காரணம். கொடுத்த காசுக்கு முழுசாக வாங்கிவிட வேண்டும் என்ற குமாஸ்தா புத்தி இன்னொரு காரணம். வண்டி வாங்கிய நாளிலிருந்து இதே பழக்கம்.

"அது நோட்டுல இல்லையே சார்" என்றார். குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். லிட்டர் எழுதியிருந்தேன், மணி எழுதியிருந்தேன், லாரிக்காரர் ஹாரன் அடித்ததைக்கூட எழுதியிருந்தேன். நான் செய்ததை எழுதவில்லை.

பிறகு அவர் பானெட்டைத் திறந்து விளக்கினார். நானும் வீட்டுக்கு வந்து படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். உங்களில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்ரோல் டேங்க் சும்மா இருந்தாலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். வெயில் ஏறினால் அதிகமாக விடும். பழைய காலத்து வண்டிகளில் அந்த ஆவி மூடியின் துளை வழியாக வெளியே போகும், யாரும் கவலைப்பட்டதில்லை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண்ணெரிச்சல் புகைமூட்டம் மூடியது. இந்த ஆவியும் வண்டிப் புகையும் வெயிலில் சேர்ந்து செய்கிற வேலைதான் அது என்று ஹாகன் ஸ்மித் என்ற விஞ்ஞானி காட்டினார். அவர் டச்சுக்காரர், உட்ரெக்ட் ஊரில் பிறந்தவர். எங்கள் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைக் கட்டியவர்களின் நாடு. 1970 மாடல்களிலிருந்து கலிஃபோர்னியாவில் ஆவியைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு கட்டாயமானது. நம் நாட்டு பாரத் ஸ்டேஜ் விதியில் அளவு என்ன தெரியுமா? காரை மூடிய அறையில் வைத்துச் சோதிக்கும்போது வெளியேறும் ஆவி 2 கிராமைத் தாண்டக் கூடாது. 2 கிராம் பெட்ரோல் என்பது அரை டீஸ்பூன். 2017 ஏப்ரலிலிருந்து விற்கும் ஸ்கூட்டர், பைக்குகளிலும் இந்த ஏற்பாடு வந்துவிட்டது.

ஏற்பாடு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டேங்கிலிருந்து ஒரு குழாய் ஒரு கருப்பு டப்பாவுக்குப் போகிறது. டப்பாவுக்குள் கரி. பள்ளியில் எங்கள் ஆசிரியர் 'சார்பொன் ஆக்தீஃப்' என்று சொன்ன அதே கரி, தமிழில் ஊக்குவிக்கப்பட்ட கரி என்கிறார்கள். மணலும் கரியும் போட்ட மூன்று பானைத் தண்ணீர் வடிகட்டி ஞாபகம் இருக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். கரியின் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் நாலு கிரவுண்டுக்கு மேல். ஆவி அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். பாரிஸில் துவேரி என்பவர் 1831இல் மருத்துவர்கள் சபையில் எட்டிக்காய் விஷத்தைக் கரியோடு சேர்த்து விழுங்கிவிட்டு உயிரோடு நின்றார் என்று அந்த ஆசிரியர் கதை சொல்வார். வகுப்பே வாயைப் பிளந்து கேட்கும்.

கரி நிரம்பிவிட்டால்? அதற்குத்தான் இன்னொரு குழாய். டப்பாவிலிருந்து என்ஜினுக்குப் போகிறது. நடுவில் மின்சாரத்தில் இயங்கும் ஒரு சின்ன வால்வு. பர்ஜ் வால்வு என்கிறார்கள். வண்டி சூடாகி ஓடும்போது கம்ப்யூட்டர் அதைத் திறந்து திறந்து மூடும். என்ஜின் உறிஞ்சும் காற்று கரியைத் துடைத்து, ஒட்டிய ஆவியை இழுத்து எரித்துவிடும். மற்ற நேரமெல்லாம் வால்வு மூடியிருக்க வேண்டும். டப்பா என்பது தபால் வந்து விழும் தட்டு, என்ஜின் அதை ஓடும்போது பைசல் பண்ணுகிறது என்று வைத்துக்கொண்டேன்.

இதில் என் பங்கு என்ன? பெட்ரோல் சூடானால் விரியும், டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. பங்க்கில் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல், வெயிலில் நிற்கும் காரில் பத்து டிகிரி சூடேறினால் 35 லிட்டர் 35 லிட்டரும் இன்னொரு மூன்றில் ஒரு லிட்டரும் ஆகும். பித்தளைக் குண்டைச் சூடாக்கி, வளையத்துக்குள் நுழையாமல் போவதைக் காட்டும் சோதனையை என் கையாலேயே செய்திருக்கிறேன், 1963இல்! நாஸில் தானாக நிற்பதே மேலே கொஞ்சம் வெற்றிடம் விடுவதற்காக. அந்த இடத்தை நான் காசு கொடுத்து நிரப்பிவிட்டேன். விரிந்த பெட்ரோலுக்குப் போக வழி ஆவிக்குழாய்தான். ஆவி வர வேண்டிய கரி டப்பாவுக்குள் பெட்ரோலே பாய்ந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கோடைக்குக் கோடை வாட்ஸ்அப்பில் "டேங்க் நிரப்பாதீர்கள், வெடிக்கும்" என்று சுற்றுவது வேறு. இந்தியன் ஆயிலே அதை மறுத்திருக்கிறது. கம்பெனி சொன்ன அளவுவரை நிரப்பலாம். நாஸில் நின்ற பிறகு போடுவதுதான் வம்பு.

மெக்கானிக் செய்த சோதனைகள் மூன்று. மூன்றுக்கும் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லை.

முதலாவது, காலையில் ஆறிய வண்டியை ஓட விட்டார். வால்வில் டப்பா பக்கத்துக் குழாயைக் கழற்றினார். "சார், விரலை வைங்க" என்றார். வைத்தேன். சுள்ளென்று இழுத்துப் பிடித்தது, குழந்தை விரலைச் சப்புகிற மாதிரி. ஆறிய வண்டியில் அங்கே இழுப்பே இருக்கக் கூடாதாம். இரண்டாவது, என்ஜினை நிறுத்தி, வால்வைக் கழற்றி, ஒரு புதுத் துண்டுக் குழாய் மாட்டி ஊதினார். மூடியிருக்க வேண்டிய வால்வு தாராளமாகக் காற்று விட்டது. பாட்டரியில் தொட்டபோது டிக் டிக் என்று சத்தம் மட்டும் சரியாக வந்தது. அதனால்தான் பைபாஸ் கம்ப்யூட்டர் குற்றம் ஒன்றும் இல்லை என்றது. அது பார்த்தது கரண்ட் போகிறதா என்று மட்டுமே. வாய் மூடுகிறதா என்று அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் 1996க்குப் பிறகு வந்த கார்கள் தாங்களே டேங்கைச் சோதித்து, ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலும் விளக்கு எரியவைக்கும். என் வண்டிக்கு அந்தப் படிப்பு இல்லை.

பிறகு வால்வைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். மிளகை உடைத்துப் போட்டதுபோலக் கருப்புத் துணுக்குகள் விழுந்தன. கரி! பெட்ரோலில் ஊறி உடைந்து, குழாய் வழியாக வந்து, வால்வின் வாயில் சிக்கி, அதை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் போடும்போது டேங்கில் இருந்த ஆவி தள்ளப்பட்டு டப்பாவுக்கு வருகிறது. வால்வு திறந்தே கிடப்பதால் நேராக என்ஜினுக்குள் போய் நிறைகிறது. அதற்குமேல் ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜெக்டர் வேறு பெட்ரோல் தெளிக்கிறது. காற்றுக்கு இடமில்லை, எப்படி எரியும்? நிற்கும்போது வந்த நடுக்கமும் இதனால்தான்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. என்ஜினுக்குப் போகும் வாயை ஒரு ரப்பர் மூடி போட்டு கிளிப் இறுக்கி அடைத்தார். "இப்படியே நாலு நாள் ஓட்டுங்க. பெட்ரோல் போட்டுப் பாருங்க. ரவுண்டு பண்ணாம. ஒரே தடவையில ஸ்டார்ட் ஆச்சுன்னா பார்ட்ஸ் வாங்கலாம். ஆகலேன்னா உங்க காசு மிச்சம்." பெட்ரோல் போட்டும் அடம் பிடித்தால், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவி திருப்பச் சொன்னார். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடுமாம். ஏப்ரலில் இது தெரிந்திருந்தால் அந்த இருபது நிமிடம் போயிருக்காது.

மே 26, வெள்ளி. காலை 9.25. அதே பங்க். 15 லிட்டர், நாஸில் நின்றதும் நிறுத்தச் சொன்னேன். முதல் திருப்பலிலேயே ஓடியது. மனைவி கூடையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன, இளிக்கிறீங்க?" என்றாள்.

வால்வும் டப்பாவும் இரண்டுமே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். வால்வை மட்டும் மாற்றினால் மிச்சக் கரி ஒரு மாதத்தில் அதையும் அடைக்கும். பழைய சாமானில் டப்பா வாங்கவே கூடாது, அது யார் ஊற்றியதை எவ்வளவு குடித்ததோ என்றார். புது டப்பா, வால்வு இரண்டையும் சென்னை ஜி.பி. ரோடில் மருமகன் வாங்கி அனுப்பினான். பைபாஸ் பில்லில் பாதிதான் ஆனது.

பழைய டப்பா பின்சக்கரப் பக்கத்தில் இருந்தது. உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடித்து, ரம்பம் போட்டுத்தான் வெளியே வந்தது. ஆட்டினால் உள்ளே சளக் சளக் என்றது. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் விட்டார். பழையது 300 கிராமுக்கு மேல் கூடுதல். அவ்வளவும் நான் ரவுண்டு பண்ணியது. மெக்கானிக் நடுக்குழாயின் இரண்டு முனையையும் கழற்றிக் காற்றடித்துத் துப்புரவு செய்தபோது இன்னும் ஒரு சிட்டிகை கரி வந்தது. அதை ஒரு தாளில் மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். 700 ரூபாய் என்றார். ஆயிரமாகக் கொடுத்தேன். "ரவுண்டு பண்றீங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே முந்நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்டோபரில் ஐயாயிரம் கட்டி ஆர்.சி. புதுப்பித்தேன். மகனிடம் காரணத்தை முழுதாகச் சொன்னேன், என் தவறையும் சேர்த்து. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, நானும் ரவுண்டு பண்ணித்தான் போடறேன்" என்றான்.

விளக்கு விஷயம் மட்டும் உடனே தீரவில்லை. புது டப்பா மாட்டிய பிறகும் மனைவி ஒரு வாரம் பின்கட்டிலேயே விளக்கு வைத்தாள். மதியம் மூன்று மணிக்கு, வெயில் உச்சத்தில், போர்ட்டிகோவில் போய்ப் பின்சக்கரப் பக்கம் குனிந்து நிற்பாள். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எட்டாம் நாள் நான் நடைப் பயிற்சி முடித்துத் திரும்பியபோது ஜன்னலுக்குள் வெளிச்சம் தெரிந்தது.

ராத்திரி கணக்கு எழுத நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஏழு வரி. ஒவ்வொரு நாளுக்கும் தேதி, மணி 3, "வாசனை இல்லை." ஏழாவது வரியில் மட்டும் கூடுதலாக, "பார்த்தது நான்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.